பன்னிரண்டு பவுண்டு

போனில் மச்சான் சொன்னது
பன்னிரண்டு பவுண்டு.
மொட்டைமாடியில் கடல்காற்று இரைச்சல்,
என் காதில் விழுந்தது
பன்னிரண்டு பவுன்.
ரஹ்மத் லாத்தாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
அசர் தொழுகைக்குள்
கீழக்கரையில் பாதிக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு ஒரு மாதம் முன்னால்
கையைத் தாளில் வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்து
போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.
கட்டைவிரலுக்கு ஒரு நூல் அளவு,
நடுவிரலுக்கு ஒன்று, மோதிரவிரலுக்கு ஒன்று.
மோதிரவிரல் என்றதும்
நான் வேறென்ன நினைப்பேன்?
"எடை எவ்வளவு?"
ஐம்பத்தி நாலு என்றேன்.
பதினாலு கிலோ பொய்
துபாய்க்கு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது.

மதுரை ஏர்போர்ட்டில்
கஸ்டம்ஸ்காரர் தட்டிப் பார்த்தாராம்,
முற்றின தேங்காயா என்று தட்டுவதுபோல.
மூன்று ஓட்டைக்குள்ளும் டார்ச் அடித்தாராம்.

கூடத்தில் பெட்டி திறந்தது.
டாங் மாவு, கோடாலித் தைலம், பாதாம்.
அடியில் ஈரத் துண்டு வாசனையோடு
நாவல்பழ நிறத்தில் ஓர் உருண்டை.
லாத்தா எட்டிப் பார்த்து
மாஷா அல்லாஹ் என்றார்
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

அங்கே அவருக்கு
ஆளுக்கேற்ற பந்து பொறுக்கித் தருகிற வேலை.
கல்யாணப் பத்திரிகையில்
துபாய் என்று மட்டும்தான் போட்டிருந்தது.

"உடம்பு எடையில பத்தில ஒரு பங்கு.
கனத்துக்கு ஆசைப்பட்டவன்
மூணாவது ஆட்டத்துல தோளைப் பிடிச்சிட்டு உக்காருவான்.
கட்டைவிரல் உள்ளே போகையில தயங்கணும்,
வெளியே வரையில தயங்கக் கூடாது.
நேரா உருட்டுறவங்களுக்கு வழவழப்பு.
வளைச்சுப் போடுறவங்களுக்குச் சொரசொரப்பு."
ரஷ்யாக்காரிகள், பிலிப்பைன்ஸ் பையன்கள்,
ஒரு ஷேக்கின் இடக்கை மகன்,
எல்லார் விரலும் நினைவிருந்தது அவருக்கு.
"நீ நேரா உருட்டுற ஆளு. உனக்கு வழவழப்பு."

நான் எப்போது எதை உருட்டினேன்
என்று கேட்கவில்லை.

கூடத்திலிருந்து அடுப்படிவரை
முப்பதடி சிமெண்டு நடை.
வீடு என் பேரில். தரையும்தான்.
பத்து ரோஸ்மில்க் பாட்டிலில்
கடற்கரை மணல் பாதி நிரப்பி
முக்கோணமாய் நிறுத்தினான் மகன்.

விரல்கள் போய் உட்கார்ந்துகொண்டன.
அங்கிருந்து ஒரு நூலை வைத்துக்கொண்டு
இவ்வளவு சரியாகவா என்று
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
தூக்கினேன்.
நல்லதண்ணிக் குடம் இதைவிடக் கனம்.
"லேசா இருக்கே" என்று
வாய் தவறி வந்துவிட்டது.
அவர் நெற்றி சுருங்கியது.
காற்றில் விரலால் வகுத்துப் பார்த்தார்.
நான் பாட்டில்களைப் பார்த்தேன்.

போட்டேன்.
நேராகப் போனது, நேராகவே போனது,
அப்புறம்
கச்சானில் தோணி மூக்குத் திரும்புவதுபோல
இடப்பக்கம் ஒரு சொடுக்கு.
எட்டு விழுந்தது. அதில் ரெண்டு உடைந்தது.
அடுப்படி முழுக்க மணலும் பாசி வாடையும்.

பாட்டிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்,
வேறு யாரோ ஒரு வாடிக்கையாளரின் கையைப்போல.
"கடைசியில கையைத் திருப்புறியே."
"எப்பவுமே திருப்புவேன்.
தொதல் கிண்டுற கை."
எப்பவுமே என்றால்
பதினோரு வருஷத்தில் அவருக்கு
மொத்தம் இருபத்தேழு மாதம்.

"அப்ப இது உன் பந்து இல்லை," என்றார் மெதுவாக.
"உனக்குச் சொரசொரப்பு.
பதினஞ்சு பவுண்டு."

பதினஞ்சு எங்கிருந்து வந்ததென்று
நான் கேட்கவில்லை.
ஐம்பத்தி நாலைப் பற்றி
அவரும் கேட்கவில்லை.

லீவில் பத்தொன்பது நாள் மிச்சம்.
மகன் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிவிட்டு
மணலை மறுபடி பாட்டிலில் அள்ளுகிறான்.
வாசலில் லாத்தா யாரிடமோ
சொல்லிக்கொண்டிருக்கிறார்:
பவுன் இல்லையாம்.
ஆனா நல்ல கனம்.