ஐந்தாவது கம்பி

வீரகத்தியின் கிற்றாரில் ஐந்தாவது கம்பி
கம்பி இல்லை, தங்கூசி.
விளைமீனுக்குத் தடிப்பு, சுறாவுக்கு மெல்லிசு,
சும்மா கிடந்தது, கட்டினேன் என்றான்.

நான் பேஸ். பாலையூற்றுப் பல்தசார்.
பிழை இருந்தால் அவன் வந்து திருத்தட்டும்.
வரமாட்டான். இது மாரி.
உல்லைக்களியில் இடுப்பளவு தண்ணீரில்
நண்டுக்கு நிற்பான்.

முதல் கிற்றார் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது,
மாமா கபரிஞ்ஞா அடித்து அடித்துப் பிளந்தது.
பதினாறு நண்டு கொடுத்து வாங்கினான்.
மூதூர் லாஞ்சியில் மடியில் கிடத்தி
இலக்கந்தைக்குக் கொண்டுபோனான்.
உப்புத் தண்ணீர் தெறித்துப் பலகை வீங்கிற்று.
அந்த வீக்கம்தான் நாதத்துக்குக் காரணம் என்று
பிறகொரு ஜெர்மன்காரன் சொன்னான்.
நாங்கள் தலையாட்டினோம்.

இடக்கையில் சுண்டுவிரலும் அடுத்ததும்
பதினெட்டு வயதில் டைனமைட்டோடு போயின.
மீனுக்குப் போட்டது, மீன் எடுத்தது என்பான்.
நடுவிரலில் சோடாப் போத்தலின் கழுத்தை மாட்டி
கம்பியின் மேல் இழுத்தான்.
அதற்குப் பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியாது.
உப்புவெளியில் ஒரு வெள்ளைக்காரி
புளூஸ் கசெட் ஒன்று தந்தாள்.
இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"இவங்களிட்டயும் சடங்கு இருக்குப் போல."

இரண்டாயிரத்து ஆறு.
வெருகல் தாண்டி, வாகரை தாண்டி,
எங்கெங்கோ கிடந்து கடைசியில் கிளிவெட்டி முகாம்.
இனம்?
வேடர்.
அப்படி ஒரு கட்டம் இல்லையே தம்பி.
இலங்கைத் தமிழர் என்று நிரப்பினார்கள்.
பேசுறது அதுதானே, பொய்யில்லை என்றான்.
அதற்குப் பிறகு நாலு மாதம்
கிற்றார் உறையை அவிழ்க்கவில்லை.

சண்டை முடிந்து மத்திய வீதியில் தவணைக்கு
எலக்ட்ரிக் கிற்றார், சிவப்பு.
'இறால்குழி புளூஸ்' என்று பெயர் வைத்தோம்.
இறால்குழிக்காரன் ஒருவனும் எங்களில் இல்லை.

நிலாவெளி ஹோட்டல் முதலாளி
வில்லும் அம்பும் வாங்கிவந்தார்,
மேடையில் பக்கத்தில் சாத்திவைக்க.
சம்பளம் இரட்டிப்பு.
மூன்று சனிக்கிழமை சாத்திவைத்தான்.
யாருக்கும் சொல்லாதே என்றான், சொல்கிறேன்.
நாலாவது சனி, சனம் பார்த்திருக்க,
குளித்துவந்த ஈரச் சாரத்தை
அந்த வில்லில் காயப்போட்டுவிட்டு வாசித்தான்.
வேலை போயிற்று.
எனக்கு அப்போது இரண்டாவது பிள்ளை பிறந்து பத்து நாள்.
ஒரு வருசம் அவனோடு பேசவில்லை.

கொழும்பில் ஒலிப்பதிவு. ஏழு பாட்டு.
காட்டுக் குருவிச் சத்தம் சேர்ப்போமா என்றார்கள்.
எங்கட பக்கம் கடல் என்றான்.
ஐந்தாவது கம்பி பேசவில்லை, நைலோனைப் பிக்கப் பிடிக்காது,
மாற்று என்றார்கள்.
"பிடிக்காட்டிப் பரவாயில்ல."
ஆயிரம் தட்டு அடித்தோம்.
முந்நூறு விற்றது.
மிச்சம் என் கட்டிலுக்குக் கீழே,
எலி ஒரு பெட்டியில் குட்டி போட்டிருக்கிறது.

மேடையில் நான் அவனுக்கு இடப்பக்கம்.
நடுப்பாட்டில், டிரம்ஸ் விழுந்து நிற்கும் இடத்தில்,
அம்பிளிபயர் வெறுமனே இரைய,
அவன் பெருவிரல் தங்கூசியைத் தொடும்.
நுளம்பளவு சத்தம்.
கேட்பது அவனுக்கு, எனக்கு.
பாட்டை மறந்துவிட்டான் பாவம் என்று
சனம் கைதட்டி உற்சாகம் கொடுக்கும்.
நான் பதினொன்று வரை எண்ணுவேன்.
சில இரவு பதினாலு.
பிறகு உள்ளே நுழைவேன்.

தையில் நகரசபை மண்டபத்தில் கச்சேரி.
நேற்று ஃபோன் எடுத்தான்,
காற்றில் பாதிதான் கேட்டது.
வருவானாம். வரும்போது ஒரு சுருள் தங்கூசி
வாங்கி வைக்கட்டாம்.
அறுபதாம் நம்பர்.
வேற நம்பர் வேண்டாமாம்.