குதிரையின் கண்

முள்ளியவளை, பின்னேரம் இரண்டு மணி.
குயின்ரஸ் தன் தளபாடக் கடையின் பின்னறையில்
விலைத்துண்டு ஒட்டிய கட்டில் ஒன்றின் மேல்
அதைக் கிடத்தியிருந்தார்:
வெள்ளைக் குதிரை, வாள், சிவந்த மேலங்கி,
சந்தியோகுமையோர்.
"ஒல்லாந்தர் காலம், மிஸ்.
வேதத்துக்குத் தடை இருந்த நாளில
காட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுக் கும்பிட்டது."
கொழும்பில் ஒருவர் காசோடு காத்திருக்கிறாராம்.
என் கையெழுத்துத்தான் குறை.

என் கருவிக்குப் பிடியும் உண்டு, விசையும் உண்டு.
பெட்டியிலிருந்து எடுத்து நீட்டியதும்
அவருடைய இரண்டு கைகளும்
தோள்வரை எழும்பி நின்றன.
பிறகு தலையைச் சொறிந்துகொண்டார்.
நான் காணாதவள் மாதிரி
பற்றரியைப் பார்த்தேன்.

குதிரையின் முதுகில் வைத்தேன். நாற்பது விநாடி.
ஈயம் இல்லை.
அந்தக் காலத்து வெள்ளை என்றால் ஈயம் பேசும்.
இது தைற்றேனியம்,
வன்பொருள் கடையில் லீற்றர் கணக்கில் விற்கிற வெள்ளை,
ஒல்லாந்தர் கப்பலேறி
நூறு வருசத்துக்கும் பிறகு பிறந்தது.
வெடிப்புகளுக்குள் தேயிலைச் சாயம்.
"வெயில்லதான் காய விட்டது" என்றார்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.

அகச்சிவப்பில் பார்த்தபோது
புனிதரின் தொடைக்குக் குறுக்கே
தலைகீழாய்க் கரிய எழுத்துகள்:
ரியூப் ஒட்டப்படும்.
காற்று அடிக்க
அதற்கப்பால் தெரியவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.
"பலகையாவது பழசுதானே, மிஸ்?"
பழசுதான். முதிரை. அதில் பொய் இல்லை.

மிச்சம் கண்.
வந்ததிலிருந்தே அது என்னை உறுத்தியது.
கடிவாளத்தின் ஒவ்வொரு வளையத்தையும்
பிழையின்றி வரைந்த கை
கண்ணை மட்டும் ஏன்
தாடைவரை இறக்கி, இத்தனை பெரிதாய்?
வைத்தேன். கல்சியம், பேரியம்:
வாகனத்தின் நசுங்கலுக்கு அப்புகிற பட்டி.
நூலில் கட்டிய சின்னக் காந்தத்தைப் பிடித்தேன்.
அது ஆடி, யோசித்து,
கண்மணியில் போய் ஒட்டிக்கொண்டது.

குயின்ரஸ் சிரிப்பை நிறுத்தினார்.
"அதை எழுதாதேங்கோ.
ஓட்டை எண்டு தெரிஞ்சா விலை விழுந்திடும்."
"எப்ப பட்டது?"
"நான் பலகைக்குப் பின்னால கிடந்தனான்."
திகதி சொன்னார். நேரமும் சொன்னார்.
மூன்று தசமம்வரை எண் தரும் கருவி
மேசையில் தன்பாட்டில் அணைந்தது.

படிவத்தில் 'காலம்' என்ற கட்டத்தில்
அண்மையது என்று எழுதினேன்.
'உரிமைகோரல்' என்பதற்கு எதிரே
பொருந்தாது.
அவர் எட்டிப் பார்த்தார், கோபிக்கவில்லை.
மின்விசிறியை ஒரு படி கூட்டிவிட்டார்.

வாகனத்தடியில் பெட்டியை ஏற்றும்போது
பின்னால் வந்து நின்றார்.
"இரும்பு எண்டு அது சொன்னது
மெய்தானே, மிஸ்?
ஆணைக்குழுவில ஆதாரம் கேட்டவை.
அந்த ஒரு வரியை மட்டும்
வேற தாளில, சீல் குத்தித் தருவீங்களோ?
விக்கிறதுக்கில்லை."