பதினாலு வோல்ட்

ஒலியளவைப் பூஜ்ஜியத்தில் வைத்த பிறகும்
ம்ம்ம் என்கிறது.
அப்படியென்றால் ஃபில்டர் மேல் குற்றமில்லை,
அலையெழுப்பும் பலகை மேலும் இல்லை.
முதல் இரவு நோட்டில் எழுதியது இது.
சித்திரை. காகிதப்பட்டறை. மாடி அறை.
ஃபேனை நிறுத்தியிருந்தேன்,
அதன் மேலும் சந்தேகம் இருந்ததால்.

ஆற்காட்டிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய பெட்டி.
ஜப்பானில் செய்தது, என்னைவிட மூன்று வயது மூத்தது.
கடைசிக் கட்டையில் சிகரெட் சுட்ட வடு.
நாடகக் குழு நடத்தும் மெல்கியா சொன்னார்:
"பூதம் வர்ற சீன்ல பரவால்லமா.
பொண்ணு அழுவுற சீன்லயும் கூடவே மொணமொணங்குது."

பகலில் எனக்கு ஆஸ்பத்திரியில் இசிஜி மெஷின்கள்.
கம்பியின் மின்சாரம் புகுந்துவிட்டால்
இதயத்தின் கோட்டில் பூனைமயிர் முளைக்கும்,
நொடிக்கு ஐம்பது.
அங்கே கண்ணுக்குத் தெரிவது
இங்கே காதுக்குக் கேட்கிறது.

உப்பிப்போன கெப்பாசிட்டர்கள் நான்கை மாற்றினேன்.
ம்ம்ம்.
குமிழ்களுக்கு ஸ்ப்ரே அடித்து
நூறு முறை இடம் வலம் திருகினேன்.
கரகரப்பு போனது, ம்ம்ம் போகவில்லை.
காட்பாடி ரயிலைக்கூடச் சந்தேகித்து
இரண்டு நாள் நேரம் குறித்து வைத்தேன்.
பாவம், அது வேறு நேரத்தில் வந்துபோனது.

மூன்றாம் இரவு, வியர்த்த கையை
தற்செயலாகத் தகரத்தின் மேல் வைத்தேன்.
பாதியாகக் குறைந்தது.
எடுத்தேன், எழுந்தது.
வைத்தேன், அடங்கியது.
இதை அன்பென்று நினைக்கும் வயதெல்லாம் தாண்டிவிட்டது.
எர்த் சரியில்லை.

மீட்டரை வைத்தால்
நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே
பதினாலு வோல்ட்.
இரண்டுக்குள் இருக்க வேண்டியது.

பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டி,
உடைந்த சிலாப்புக்குக் கீழே குழி.
உப்பும் கரியும் கொட்டி மூடியவர்கள்
மிச்சத்தை ஈரத்திடம் ஒப்படைத்துப் போயிருக்கிறார்கள்,
பாலாறே மணலாகக் கிடக்கிற ஊரில்.
கை விட்டேன். வறுத்த கடலைச் சட்டிபோல் சுட்டது.

எட்டு நாளைக்கு ஒரு லாரி எங்கள் தெருவுக்கு.
என் பங்கு ஆறு குடம்.
முதல் குடம் சாய்த்தபோது
வீட்டுக்கார வரலட்சுமி கதவைத் திறந்தார்:
"இன்னாத்துக்குடி மண்ணுல ஊத்தற?
மண்ணு கேட்டுதா?"
கேட்டது என்று சொன்னால்
வாடகை ஏறும்.
இரண்டாவது குடத்தை அவர் பார்க்கும்போதே ஊற்றினேன்.
குழி குடிக்கிற சத்தம் இருவருக்கும் கேட்டது.

ஒன்பது. ஐந்து. ஒன்றரை.

மாடியில் ம்ம்ம் இல்லை.
அது இருந்த இடத்தில், அதுவரை ஒளிந்திருந்த
மெல்லிய ஒரு ஸ்ஸ்ஸ்.
குடியாத்தம் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால்
ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே போனேன்.
ஒரு டிரான்சிஸ்டருக்கு மூன்று காலில் ஒன்று இல்லை.
மாற்றிவிடலாம் என்று சால்டரிங் ஊசியைக் கிட்டே கொண்டுபோய்
நின்றேன்.
உடைந்ததல்ல, வெட்டியது.
தொழிற்சாலையில் யாரோ நூறு டிரான்சிஸ்டரைக் கேட்டுப் பார்த்து
ஒழுங்கானவற்றை ஒதுக்கிவிட்டு
இந்த வாயாடியைப் பொறுக்கியிருக்கிறார்கள்.
அதன் வேலையே இரைச்சல்.
அதற்குரிய பொத்தான்தான் அழுக்கேறி
கால்வாசி திறந்தபடி சிக்கியிருந்தது.

துடைத்தேன்.
சரியாக இருக்கிறதா என்று பார்க்க
முழுக்கத் திறந்தேன்.

மழை.
ஓட்டின் மேல், தகரத்தின் மேல்,
லாரிப் படுதாவின் மேல் பெய்கிற மழை.

படிக்கட்டில் தடதடவென்று காலடி.
வரலட்சுமி என் வாசலைத் தாண்டி
மொட்டைமாடிக்கு ஓடினார்,
காயப்போட்ட மிளகாயை அள்ள.

பொத்தானை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
அவர் இறங்கிவர நேரமாயிற்று.
மடியில் மிளகாயோடு வந்து நின்றார்.
பெட்டியைப் பார்த்தார்.
திட்டவில்லை.
"இன்னொரு தபா வெய்யி" என்றார்.

மெல்கியாவுக்கு எழுதிய பில்லில்
கெப்பாசிட்டர் நான்கு, ஸ்ப்ரே ஒன்று,
கூலி.
அதற்குக் கீழே, விலை போடாமல்:
தண்ணீர், இரண்டு குடம்.