ஒரு வயர் காணும்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்
"ஒரு வயர் காணும் சேர்" என்றார் ஹில்மி நானா.
ஒரு முனையில் ஒற்றை ஊசி,
மறுமுனையில் சிவப்பும் வெள்ளையும்.
எண்ணூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை,
மழை வரும்போல இருந்தது.

ரிசீவர் மஸ்கட்டிலிருந்து மச்சான் அனுப்பியது.
முதுகு முழுக்கத் துளைகள்.
கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே பாதி உடம்பை நுழைத்து
சிவப்பைச் சிவப்பில், வெள்ளையை வெள்ளையில்.
கொம்பியூட்டரின் பின்புறம் பச்சை, கறுப்பு, ஒரேஞ்ச்.
பச்சையில் சொருகினேன்.
ஐந்து ஸ்பீக்கரா என்று திரை கேட்டது.
ஓமென்றேன். வீட்டில் ஐந்து இருக்கிறதே.

படம் தொடங்கியதும் மழை.
தகரத்தில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக.
துஷ்யந்தி பல்கனிக்கு ஓடினாள், காயப்போட்ட உடுப்பை எடுக்க.
வெள்ளவத்தை வானம் வெளித்துக் கிடந்தது.

கதவு திறந்தது. செருப்பு. கோப்பையில் கரண்டி.
ஒரு பெண் வாயைத் திறந்தாள்,
சத்தமில்லை.
ஓர் ஆண் எழுந்து கையை வீசி வீசிக் கதைத்தான்,
மழை மட்டும்.
எல்லாம் கேட்டது, மனிதர் சொன்னதைத் தவிர.

நான் எழும்ப, "விடுங்கோ, இப்பிடியே பாப்பம்" என்றாள்.
அந்தப் பெண்ணுக்கு அவள், அந்த ஆணுக்கு நான்.
"மீன்காரன் இண்டைக்கும் அறக்குளா எண்டு சொல்லி
கட்டாவைத் தந்திட்டான்."
"உமக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."
சிரித்தோம். விக்கல் வரும்வரை.

பிறகு அந்தப் பெண் ஜன்னலோரம் போய்
மெல்ல உதட்டை அசைத்தாள்.
துஷ்யந்தி சொன்னாள்:
"பிள்ளை மெல்பேர்ன் போன நாளிலயிருந்து
நீங்கள் என்னோட கதைக்கிறேல்லை.
செய்தி வாசிக்கிறீங்கள்."

என் ஆள் வாயே திறக்கவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு போனான்.
அந்தச் சாத்தல் எவ்வளவு துல்லியம்!
காசு கொடுத்தது அதற்குத்தான்.

அடுத்த நாள் பின்னேரம் பிழை விளங்கியது.
கதைக்கிற குரலெல்லாம் நடு ஸ்பீக்கருக்காம்,
அது ஒரேஞ்ச் துளையால்தான் போகுமாம்.
வயரில்லாத வாசலில் வந்து வந்து
வசனங்கள் திரும்பிப் போயிருக்கின்றன.
இரண்டு ஸ்பீக்கர் என்று மாற்றினேன்.
அந்த இடத்துக்குத் திருப்பிப் போட்டேன்.
ஜன்னலோரம் அவள் சொன்னது,
"மழை விட்டிட்டுது."
அவ்வளவுதான்.

கடற்கரையால் ரயில் போனது. மேசைக் கண்ணாடி அதிர்ந்தது.
நூறாம் இலக்க பஸ்ஸில் துஷ்யந்தி
இந்நேரம் பம்பலப்பிட்டி தாண்டியிருப்பாள்.
மறுபடி ஐந்து என்று மாற்றினேன்.
கதவு சாத்துமுன் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.
அவன் கை பிடியில். வாய் மூடியபடி.
எனக்கு ஒரு வசனம் வேணும்.