ஒன்பது அடி

வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியதல்ல இது என்று
ஒவ்வொரு வசந்தத்திலும் தொலைபேசியில் சொல்கிறாள் ஹ்ருஷ்கா.
நிலவறையில் முழங்கால் நீரில் நிற்பவர் நம்புவதில்லை.

மொனாங்கஹேலாவைப் படிக்கட்டாக மடித்து
படிக்கு ஒன்பது அடி ஆழம் நிறுத்திவைப்பது,
நிலக்கரிப் படகுகள் தரைதட்டாமல் போக.
அவ்வளவுதான் அணையின் வேலை.

மேலிருந்து வருபவனுக்கு அது தெரியாது.
ஒரு கோடு. அதற்கப்பால் வானம்.
கீழே
தண்ணீர் தன்னையே திரும்பத் தின்கிறது:
செவ்வாயன்று விழுந்த ஆரஞ்சுப் பந்து
வெள்ளியன்றும் அதே இடத்தில் சுழல்கிறது,
கரைக்கு ஒரு துடுப்புத் தூரத்தில்.

இன்று சிவப்புத் தோணியில் இருவர்.
எச்சரிக்கை மிதவையில் கயிற்றைக் கட்டிவிட்டு
ரொட்டி பிரிக்கிறார்கள்.

சங்குப் பொத்தானை அழுத்துகிறாள்.
கையசைக்கிறார்கள்.
மறுபடி அழுத்துகிறாள்,
விரலை எடுக்காமல்,
பந்தைப் பார்த்தபடி.