ஜீரோ பாயின்ட்

வாடகை மூவாயிரம், கரண்டுக்குத் தனி மீட்டர்.
பத்து மணிக்குக் கேட் பூட்டிக்கொள்ளும் என்றேன்,
ஏதோ அதுவே பூட்டிக்கொள்வது போல.
ஒரே ஒரு கேள்வி கேட்டார்,
புதுச் சுண்ணாம்பைப் பார்த்தபடி:
"ஒழுகுமா?"
"இந்த வீடா?" என்றேன்.

பெஞ்சலய்யா.
ஊத்துக்கோட்டைக்கு வெளியே கால்வாயில்
ஆந்திரத் தண்ணீர் நம் தண்ணீராகிற இடத்தில்
அளவு படிக்கிற உத்தியோகம்.

மிளகாய் தாளிக்கும் நெடிக்கு ஒருமுறை சத்தம் போட்டேன்.
மறுநாள் குழாயடியில் ஒரு பாட்டில் கோங்குரா.
தின்றுவிட்டுப்
பாட்டிலை மட்டும் கழுவி வைத்தேன்.

ஐப்பசியில் ஆரணியாறு தரைப்பாலத்தை மூடியது.
ராத்திரியிலும் டார்ச்சோடு போய் வந்தார்.
அவர் அறையில் வாளிக்குள் சொட்டுகிற சத்தம்
எனக்குக் கேட்டது.
டிவியைக் கொஞ்சம் கூட்டினேன்.

தையில் மாற்றல், சூளூர்பேட்டைக்கு.
வெள்ளையடிக்க என்று அட்வான்சில் ஆயிரம் பிடித்தேன்.
மீதியை எண்ணாமல் பையில் வைத்தார்
எதையும் அளக்கிற மனுஷன்.

காலண்டரைக் கழற்றினால்
பின்னால் பென்சில் கோடுகள்.
கூரையிலிருந்து ஈரம் இறங்கிய கணக்கு:
அக்டோபர் 19, நான்கு அங்குலம்.
22, ஏழு.
நவம்பர் 3, பதினொன்று, கட்டிலை நகர்த்தியாயிற்று.
கடைசிக் கோட்டின் கீழ் தெலுங்கில் ஒரு சொல்.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்,
ஆகிந்தி.
நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அறை பார்க்க ஒரு பையன் வந்தான்.
ஒழுகுமா என்று கேட்கத் தெரியவில்லை அவனுக்கு.
நான் இன்னும் வெள்ளையடிக்கவில்லை.
சுவரைக் காட்டினேன்.
ஐந்நூறு குறைங்க என்றான்.
இருநூறுக்கு மேல்
ஒரு பைசா முடியாது என்றேன்.