ஏழாவது கட்டம்

ஊர்வலத்துக்கு அனுமதி கேட்கும் படிவத்தில்
ஏழாவது கட்டம்:
எதிர்பார்க்கப்படும் ஆட்களின் எண்ணிக்கை.

முதல் தடவை நாற்பது என்று எழுதினேன்.
ஷாம் ஷுய் போவில்
பொத்தான் மொத்தக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி,
லிஃப்ட் கிடையாது.
மேம்பாலத்தடியில் உறங்குகிறவர்களின் பாய்களை
லாரியில் அள்ளிப் போனதற்காகக் கூடிய ஐந்து பேர்.
நாற்பதெல்லாம் பேராசை என்றார்
கணக்கர் ஸேத்தோ.
நாற்பத்தொரு பேர் வந்தோம்.
அதில் ஒருவர் பேருந்துக்கு நின்றவர்.

பாயில் ஆரம்பித்தது
பாலத்தடியிலேயே நிற்கவில்லை.
பாயை எடுக்கச் சொன்னவன் யார்,
அவனை அமர்த்தியவன் யார்,
அவனை அமர்த்தியது நாமா என்று
படியேறிப் படியேறிப் போய்
ஓட்டுக் கேட்டோம்.
வேட்பாளர் கேட்பதுபோல அல்ல,
ஓட்டையே கேட்டோம்.

முந்நூறு என்று எழுதிய வருடம்
ஒன்பதாயிரம் பேர்.
அப்புறம் ஒரு கோடையில்
கட்டத்துக்குள் ஐந்து இலக்கம்தான் பிடித்தது.
ஆறாவதைக் கோட்டுக்கு வெளியே எழுதினேன்.
அன்று மூன்று மணிக்குப் புறப்பட்டது முன்வரிசை.
பின்வரிசையில் நின்ற பல் மருத்துவர் ஔயியூங்
"எட்டு மணிவரை ஓர் அடிகூட நடக்காமல்
ஊர்வலம் போனேன், கனம் நீதிபதி அவர்களே" என்று
இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை.

கலைந்து செல்லுங்கள், கலைந்து செல்லுங்கள்
என்றது ஒலிபெருக்கி.
மேகம் கலையும், வேஷம் கலையும்,
தூக்கம் கலைந்து வந்தவர்களிடம்
அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நாங்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை.
பதாகையில் 'கோருகிறோம்' என்றா
'எங்களுடையது' என்றா என்பதில்
இரவு இரண்டு மணிவரை சண்டை.
எனக்கு 'அனுமதிக்காரி' என்று பட்டப்பெயர்.
யிப் ஹோய்-சுன் நாற்காலியை உதைத்துவிட்டு
இனி வரமாட்டேன் என்று இறங்கிப் போனான்.
அவன் சொன்னதுதான் சரி
என்று இப்போது படுகிறது.
அன்றைக்கு எனக்குத் தூக்கம் மட்டும்தான் வந்தது.

பிறகு
படிவங்கள் திரும்பி வந்தன.
பிறகு படிவம் இல்லாமலே கடிதங்கள்:
பணம் எங்கிருந்து,
பெயர்கள் யார் யார், ஏழு வருடத்துக்கும்.
தோழமை அமைப்புகள் ஒவ்வொன்றாக விலகின,
'தங்கள் பணி சிறக்க' என்று முடித்து.
தலைவி சிக் விங்-லாமை விடிகாலையில் கூட்டிப் போனார்கள்.
காலணி மாட்ட நேரம் கொடுத்தார்களாம்.
வாரம் ஒருமுறை கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
பதினைந்து நிமிடம் பார்க்கிறேன்.
பாதி நேரம் அவள் பூனையைப் பற்றியே பேசுகிறோம்.

சங்கத்தைக் கலைக்க மூன்று பேர் வேண்டும்.
விதி நான்கு, நானே எழுதியது.
உள்ளே ஆறு பேர்,
கடல் தாண்டி நாலு பேர்,
வெளியே நானும் ஸேத்தோவும்.
பிழைக்கத்தான் ஆள் வேண்டும் என்றிருந்தேன்,
சாகவும் வேண்டியிருந்தது.

எட்டாம் எண் புயல் எச்சரிக்கை இறங்கிய மறுநாள்
நனைந்த குடையோடு வந்து நின்றான் ஹோய்-சுன்.
"நான் இன்னும் உறுப்பினரா?"
அவன் பெயரை நான் அடிக்கவே இல்லை.
"சந்தா பாக்கி" என்றார் ஸேத்தோ,
ஏட்டிலிருந்து தலை நிமிராமல்.
அறுபது டாலர்.
கசங்கிய மூன்று இருபதுகள்.
ஸேத்தோ ரசீது எழுதி, முத்திரை குத்தி,
ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.
அதன் பின்பே தீர்மானம் படித்தோம்.
ஹோய்-சுன் வழிமொழிந்தான்.
உதைத்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்,
ஒரு கால் இன்னும் ஆடியது.

வந்தோர் எண்ணிக்கை என்று
அந்தத் தாளிலும் ஒரு கட்டம்.
மூன்று.
சுற்றிலும் எவ்வளவோ இடம் மிச்சம்.

கீழே இறங்கும்போதுதான் ஸேத்தோ நின்றார்:
வங்கிக் கணக்கை முந்தாநாளே மூடியாகிவிட்டது,
இந்த அறுபதை எதில் ஏற்றுவது?
இரண்டாம் மாடிப் படியில் மூவரும்
வெகுநேரம் யோசித்தோம்.
எதிலும் ஏறவில்லை.
என் கைப்பையின் உள்ஜிப்பில் இருக்கிறது.
ரசீது அவனிடம்.